பட்டினத்தின் இடைநிலம்

சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையை மாணாக்கர்க்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். காவிரிப்பூம்பட்டினம் இரு கூறாய்க் கிடந்தது. கடலை அடுத்தது மருவூர்ப்பாக்கம், அகத்தே அமைந்தது பட்டினப்பாக்கம். இரண்டற்கும் நடுவே கிடந்த நிலத்திலே நாளங்காடி கூடிற்று. ஆங்குக் கடை வைத்தோர் தூண் நாட்டினாரல்லர். நெருங்கி வளர்ந்த சோலை மரங்களின் அடிகளையே கடைக்குக் காலாகக் கொண்டனர். இவ்வளவும் கூறி, இரு பெருவேந்தர் பொரும் களத்தை அவ்விடைநிலத்துக்கு அடிகள் உவமை கூறிய நயத்தையும் எடுத்துக் காட்டி முடித்தேன். ஒரு மாணவி எழுந்து, "ஐயா, எங்கள் பட்டினத்தில் அந்த இடைநிலம் எது?" என்று வினாவினாள்.

"முற்றவெளி" என்று உடனே விடை கூறினேன். கூறிய பின்னரே அவ்விடையின் பாரம் எனக்குப் புலனாயிற்று. அன்று தொட்டு அவ்வினா என்னை விட்டபாடில்லை. நகர நடுவிடங்களை மக்கள் காலால் நடந்து திரியத்தக்க இடங்களாக மீட்டெடுத்தல் வேண்டும் என்னும் பேச்சு இக்காலத்தில் உலகத்துக் கடற்கரை நகரங்கள் பலவற்றில் எழுந்திருக்கின்றது. யாழ்ப்பாணத்திலும் அப்பேச்சு உண்டு. அதனை அம்மாணவியின் வினாவினின்றே தொடங்கி ஆராயலாம் என்று கருதுகின்றேன்.

யாழ்ப்பாணக் கோட்டை பறங்கியர் கோலியது. 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐங்கோணமாய்த் திருத்திக் கட்டியது. அதன் புறவரண் 1792இல் முற்றுப்பெற்றது. மூன்றே ஆண்டில், 1795இல், அவ்வளவு பெரிய வரண் ஆங்கிலேயர் கைக்கு எளிதாக மாறிற்று. கோட்டைக்குக் கிழக்கே ஒல்லாந்தர் அமைத்த ஊர் இருந்தது. பிரதான வீதியும் அதனை வெட்டிச் செல்லும் குறுக்குத் தெருக்களும் அவ்வூரின் எச்சமே. வடபால் பெரியகடை, அதற்கும் அப்பால், சிவன் கோயிலும் நாவலர் பெருமானுடைய வித்தியாசாலையும் விளங்கும் வண்ணார்பண்ணை. கோட்டைக்கும் ஊருக்கும் நடுவே, பீரங்கிப் பார்வைக்கு மறைப்பு இராதபடி விடப்பட்ட வெளியே முற்றவெளி. அவ்வெளி பிறந்ததே போருக்காக. அடிகள் உவமையாக வைத்தது எங்கள் பட்டினத்தில் உண்மையாகவே அமைந்துவிட்டது.

ஆயினும் ஊரவர் அதனைப் போருக்கு விட்டுவைத்தாரல்லர். மெல்ல மெல்ல அதன் ஓரங்களைத் தம்முடையதாக்கிக் கொண்டனர். 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக மணிக்கூட்டுக் கோபுரம் எழுந்தது. 1882இல் அது நிறைவெய்திற்று. க. மு. செல்லப்பா என்னும் ஒரு தனி மனிதருடைய முயற்சியாக 1933இல் தோன்றிய சிறு வாசிகசாலை, நரசிம்மன் என்னும் சென்னைக் கட்டடக் கலைஞர் வரைந்த வெண்ணிற மாளிகையில் 1959இல் பொதுசன நூலகமாகக் குடிபுகுந்தது. முனியப்பர் கோயில், சுப்பிரமணியம் பூங்கா, விளையாட்டரங்கு, வீரசிங்கம் மண்டபம், றீகல் படமாளிகை என ஒன்றன்பின் ஒன்றாய் அவ்விடம் நிறைந்தது. சிறுவனாய்த் தந்தையார் கையைப் பற்றிக்கொண்டு அங்கே நடந்த நடை இன்னும் என் காலில் இருக்கின்றது. பஸ்ஸினின்று இறங்குவோம்; பெரியகடையில் வேண்டுவன வாங்குவோம்; தந்தையார் நூலகத்துக்குள்ளே புகுந்தால் வெளிவர ஒரு மணி நேரம்; நான் சிறுவர் பகுதியில் இருப்பேன்; பின்பு முனியப்பருக்குக் கற்பூரம்; பூங்காவில் கடலை. இவற்றிற்கிடையே எங்களை ஏற்றிச் செல்ல வண்டி வேண்டும் என்று எவரும் எண்ணியதில்லை. ஒரு பட்டினத்துக்கு நடு என்று ஒன்று உண்டானால் அது இப்படித்தான் இருக்கும் என்பதை, நடு என்னும் சொல்லை அறியுமுன்னரே, கால் அறிந்திருந்தது.

பின்பு நடந்தவற்றை யாவரும் அறிவர். எனினும் அவை யாவும் நிகழ்ந்த இடத்தை ஒருசேர வைத்துப் பார்ப்பவர் சிலர். 1974 சனவரி 10ஆம் நாள், நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாள் மாலையில், வீரசிங்கம் மண்டபத்தின் முன் திரண்டிருந்த மக்கள்மேல் பொலிசார் பாய்ந்தனர், உயிர்கள் பலியாயின. நினைவுத் தூண்கள் முற்றவெளியின் அருகே நிற்கின்றன. 1981 மே 31ஆம் நாள் இரவு தொடங்கி நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. கடைத்தெருவும் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் அத்தீயினின்று தப்பவில்லை. 1990இல் கோட்டையினுள்ளே படையினரும் வெளியே புலிகளுமாக மாதக்கணக்கில் பொருதனர். அக்காலத்துப் போர்களில் 1706இல் எழுந்த ஒல்லாந்தர் தேவாலயமும் இடிந்தது. கோட்டையை அண்டிய தெருக்கள் ஆள்வழக்கற்றுப் போயின. இருபெருவேந்தர் முனையிடம் என்று உரை சொல்லிக்கொண்டிருந்த நாங்கள் அதனைக் கண்ணாரக் கண்டோம். அங்காடியின் ஓதையை மாத்திரம் காணவில்லை.

இனி, நடை என்பது எங்கள் உள்ளத்தில் எவ்வாறு பதிந்தது என்பதைக் கூறவேண்டும். அதனைக் கூறாமல் நடைபாதை பற்றிப் பேசுவது பயனில் பேச்சு. 1990 தொட்டு 1995 வரை குடாநாட்டுக்குப் பெற்றோல் முதலியன வாராது தடுக்கப்பட்டன. மின்சாரமும் இல்லை. துவிச்சக்கரவண்டி ஒன்றே வண்டியாயிற்று. பிணியாளனும் அதிலேதான், பிணமும் சில வேளை அதிலேதான். மண்ணெண்ணெயிலே மோட்டார்ச் சைக்கிளை இருமவைத்து ஓட்டிய கெட்டிக்காரரும் இருந்தனர். மற்றையோர் நடந்தனர்.

1990 ஒக்டோபர் 30ஆம் நாள், யாழ்ப்பாணத்துச் சோனகத்தெரு மக்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். வெளியேற்றியவர் அந்நியரல்லர், அப்பொழுது இங்கே ஆட்சி செலுத்திய விடுதலைப் புலிகள். சரியாக ஐந்தாண்டு கழித்து, 1995இல், அதே ஒக்டோபர் 30ஆம் நாள், வலிகாமத்து மக்கள் எல்லாரும் மழையிலே, இருளிலே, மூட்டையும் முடிச்சுமாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தனர். ஒரு முழத்துக்கு ஒரு நாழிகையாக அந்தக் கூட்டம் ஊர்ந்தது. யாழ்ப்பாணத்தார் என்றைக்கும் மறவாத நடை அது. இரண்டு நடைகளையும் ஒருங்கே நினைப்பவர்தாம் எங்களுள் குறைவு.

ஆதலால், 2009இல் போர் ஓய்ந்து நெடுவழி திறந்தபின், கையிற் காசு கண்ட இளைஞன் முதற்கண் ஒரு மோட்டார்ச் சைக்கிளை வாங்கினானாயின், அவனை இகழ எனக்கு நா எழவில்லை. நடத்தல் அவன் தாய் தந்தையர்க்கு அகதி வாழ்வின் அடையாளம். "நடந்தோ வந்தனீர்கள்?" என்று இன்றும் ஒருவர் இரங்கிக் கேட்கும்போது அவ்விரக்கத்தின் உள்ளே இந்தச் சரித்திரம் கிடக்கின்றது. மேல்நாட்டார் நடை நகரம் என்று எழுதும் நூல்களில் இத்துயரம் இராது. எங்கள் நகரத்துக்கு அவர்கள் திட்டத்தைப் பெயர்த்து வைக்க முனைவோர் இதனை முதலில் அறிதல் வேண்டும்.

மற்றொன்றையும் நோக்குக. 1981ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி யாழ்ப்பாண மாநகர எல்லையுள் வாழ்ந்தோர் ஏறத்தாழ 118,000 பேர். 2012ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 88,000 பேர். தலை குறைந்திருக்கின்றது, தெருவோ நெருங்கியிருக்கின்றது. ஆஸ்பத்திரி வீதியிலே காலை ஒன்பது மணிக்கு நின்று பார்ப்பவர்க்கு இதன் காரணம் விளங்கும். தெருவை நிறைத்து நிற்பவை உடல்களல்ல, வண்டிகள்.

போருக்குப் பின் கட்டப்பட்டவற்றை நான் குறைகூற வந்தேனல்லேன். எரிந்த நூலகம் மீண்டெழுந்து 2004 முதல் மீண்டும் வாசகரைப் பெற்றது. கோட்டை மதில்கள் திருத்தப்பட்டன. 2014இல் புகைவண்டி யாழ்ப்பாணத்தைத் திரும்பவும் வந்தடைந்தது. அந்நாளில் அதனைக் காண நின்ற கூட்டத்துள் நானும் ஒருவன். நெடுந்தூரப் பேருந்துகளுக்கு 2021இல் தனி நிலையம் திறக்கப்பட்டது. இந்திய அரசின் கொடையாகப் புல்லுக்குளத்தருகே எழுந்து 2023இல் திறக்கப்பட்ட பண்பாட்டு மையம், 2025இல் வள்ளுவர் பெயரைப் பெற்றது. அப்பெயரில் யாழ்ப்பாணம் என்னும் சொல் இல்லாதது கண்டு ஊரவர் முறையிட, அதுவும் சேர்க்கப்பட்டது. பெயருக்கு நாங்கள் காட்டிய அக்கறை பெரிது. அம்மையத்துக்கு நடந்து செல்லும் வழியைப் பற்றி அந்நாட்களில் ஒருவரும் பேசக் கேட்டிலேன்.

நான் சொல்ல வந்தது இதுவே. கட்டடங்கள் வந்துவிட்டன, கட்டடங்களுக்கு நடுவே கிடப்பது வரவில்லை. நூலகத்துக்கு ஒரு மதில், பூங்காவுக்கு ஒரு மதில், விளையாட்டரங்குக்கு ஒரு மதில். ஒவ்வொன்றும் தன் படலையிலே வண்டி வந்து நிற்கும் என்று எதிர்பார்க்கின்றது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒருவன் நடந்து வருவான் என்று எதுவும் எதிர்பார்க்கவில்லை.

வினாவிய மாணவியிடம், "நீயே ஒருநாள் பஸ் நிலையத்தினின்று நூலகத்துக்கு நடந்து பார்த்து வந்து சொல்" என்று கூறியிருந்தேன். நடைபாதையை விட்டுத் தெருவில் இறங்க நேர்ந்த இடங்களை விரல் மடக்கி எண்ணிக்கொண்டு போனாளாம். பாதி வழியிலேயே இரு கை விரலும் போதாமற் போயினவாம். ஓரிடத்தில் மோட்டார்ச் சைக்கிள்கள் வரிசையாய் நிறுத்தப்பட்டிருந்தன. ஓரிடத்தில் கடைக்காரர் தம் பொருள்களைப் பரப்பியிருந்தார். ஓரிடத்தில் வடிகாலை மூடிய சீமெந்துப் பலகை உடைந்து கிடந்தது. பாதசாரிக் கடவையில் கால்வைத்து நின்றபோதும் வண்டி எதுவும் நிற்கவில்லை. இவை எல்லாவற்றினும் அவள் மிகுத்துச் சொன்னது வெயிலை. "நிழல் இல்லை, ஐயா. குடை பிடிக்கலாம், பிடித்தால் குடை வண்டியிலே தட்டுகின்றது" என்றாள். இதுவரை வெளிவந்த திட்ட அறிக்கைகளிலும் இவ்வொரு வாக்கியத்தை நான் மதிக்கின்றேன்.

நிழலைப் பற்றி எங்கள் முன்னோர் அறியாதவரல்லர். பருத்தித்துறையிலே தும்பளை வீதியில் தெருமூடிமடம் நிற்கின்றது. தெருவின் இருமருங்கும் பொழிகற்றூண் நிறுத்தித் திண்ணை கட்டி, தெருவையே கூரையால் மூடிய மடம் அது. வழிச்செல்வோன் தெருவை விட்டு விலகாமலே நிழலுக்குள் வந்துவிடுவான். விரும்பினால் திண்ணையில் அமரலாம், அன்றேல் அவ்வாறே கடந்து போகலாம். துறைமுகப் பட்டினமாகிய பருத்தித்துறைக்கு அது எத்துணைப் பொருத்தமான அமைப்பு என்பதை வைகாசி வெயிலில் அதன் கீழே ஒருகால் நின்றவர் அறிவர். சந்திதோறும் சுமைதாங்கி, மாட்டுக்கு ஆவுரஞ்சிக்கல், கோடையிலே தண்ணீர்ப் பந்தல். ஊரின் மாண்பை அவர்கள் நடப்பவனைக் கொண்டு அளந்தனர். சுமைதாங்கி நாட்டுவது தருமம் என்று கருதிய அதே சமுதாயத்தில், இக்காலத்து வெளிநாட்டுப் பணம் கோயிற் கோபுரமாகவும் திருமண மண்டபமாகவும் உயர்கின்றது. ஒரு நிழற்பாதைக்குத் தன் தாய் பெயரை இடுவோர் இன்னும் தோன்றவில்லை. தோன்றினால் முதல் வாழ்த்துப்பா நான் பாடித்தருவேன், விலை வேண்டேன்.

வணிகர் கூறும் தடை ஒன்று உண்டு. வண்டி வாராவிட்டால் வியாபாரம் வாராது என்பர். இஃது எங்கும் எழுந்த தடையே. டென்மார்க்கின் தலைநகராகிய கோப்பன்ஹேகனில், நகர் நடுவிலுள்ள ஸ்ட்ரோயெட் என்னும் கடைத்தெருவை 1962இல் வண்டிகளுக்கு அடைத்தபோது அங்குள்ள கடைக்காரரும் இவ்வாறே அஞ்சினர். அத்தெரு இன்று அந்நகரின் பெயர்பெற்ற அங்காடி. ஸ்பெயினின் மேற்குக் கரையோரத்திலுள்ள பொந்தேவேத்ரா என்னும் சிறு நகரம் 1999 தொட்டுத் தன் நடுவிடத்தை வண்டிகளினின்று விடுவித்தது. அவை குளிர்நாடுகள், எங்கள் வெயிலுக்கு ஒவ்வா என்பாரும் உளர். புதுச்சேரியின் வெயில் எங்கள் வெயிலுக்கு இளைத்ததன்று. ஆங்குக் கடற்கரை வீதியில் மாலை ஆறு மணி தொட்டு மறுநாட் காலை ஏழரை மணி வரை மோட்டார் வண்டிகள் புகுவதில்லை. பகலை வண்டிக்கும் மாலையைக் காலுக்குமாகப் பகுத்துக்கொண்டனர். பண்ணைக் கடலோரத்தில் மாலைதோறும் காற்று வாங்க நிற்கும் கூட்டத்தைக் காணுந்தோறும் அப்பகுப்பு எங்களுக்கு அரிதன்று என்றே தோன்றுகின்றது.

சென்னைத் தியாகராயநகர்ப் பாண்டிபசாரை எடுத்துக்காட்டாகக் கூறுவோர்க்கு ஒரு சொல். 2019இல் ஆங்கு அகன்ற நடைபாதை அமைத்தது நற்செயலே. ஆனால் அதற்கு முன்னரே, 2013இல், தெருவோர வணிகர் ஒரு மாடிக் கட்டடத்துள் ஏற்றப்பட்டுவிட்டனர். நடைபாதை அகன்றபோது அதில் நெடுநாள் வாழ்ந்தவர் இல்லை. இவ்விடத்தில் மீண்டும் சிலம்பையே எடுக்கவேண்டும். மருவூர்ப்பாக்கத்துத் தெருக்களைக் கூறவந்த அடிகள், பொன்வணிகர் தெருவையோ கூலவணிகர் தெருவையோ முதலில் வைத்தாரல்லர். சாந்தும் சுண்ணமும் பூவும் புகையும் ஏந்தித் திரிந்து விற்போர் உலவும் வீதியே ஆங்கு முன் நிற்கின்றது. கடை இல்லாதவனுக்கு நகரத்தில் முதலிடம். தீபாவளி, பொங்கல் வருந்தோறும் எங்கள் பெரியகடைப் பகுதியில் தெருவோர வணிகர்க்கும் நிலைக்கடை வணிகர்க்கும் இடையே எழும் பிணக்கில் இரு சாராருக்கும் நியாயம் உண்டு. ஒருவர் வாடகை கொடுக்கின்றார், மற்றவர்க்கு வாடகை கொடுக்க வழியில்லை. இருவருக்கும் நடுவே நடப்பவன் நெருக்குண்கின்றான். தெருவில் நிறுத்தப்படும் வண்டிகளை ஒதுக்கினால் மூவருக்கும் இடம் உண்டு என்பதை ஒருநாள் அளந்து பார்த்தவரேனும் சொல்லலாம்.

காலி நகரைப் பார்த்து வந்த நண்பர் ஒருவர், "எங்கள் பிரதான வீதியையும் அவ்வாறு ஆக்கலாமே" என்றார். காலிக் கோட்டை 1988இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது. அதன் தெருக்களில் நடப்பது இனிமைதான். எனினும் அங்குள்ள பழைய வீடுகள் பல விடுதிகளாகவும் அணிகலக் கடைகளாகவும் மாறிவிட்டன. வந்து பார்ப்பவன் நடப்பதற்காக அன்றி, வாழ்பவன் நடப்பதற்காக ஒரு தெருவைச் செப்பனிடுதல் வேறு வேலை.

எங்கள் பட்டினத்தில் வாழ்பவர் யாவர் என்னும் வினா இங்கேதான் எழுகின்றது. மருவூர்ப்பாக்கத்திலே வேற்றுநாட்டு வணிகரும் கலந்து இனிதே வாழ்ந்தனர் என்கின்றார் அடிகள். எங்கள் சோனகர் வேற்றுநாட்டவருமல்லர். அசனாலெப்பைப் புலவர் பிறந்த குடியினர். பெரியகடையில் அவர்கள் கடை வைத்திருந்த காலத்தில், தொழுகைக்கும் கடைக்கும் வீட்டுக்குமாக நாள்தோறும் அத்தெருக்களை நடந்து இணைத்தவர் அவர்கள். போருக்குப் பின் ஒரு பகுதியினர் மீண்டனர். பலர் இன்னும் புத்தளத்திலே. பட்டினத்து நடுவிடத்தை உயிர்ப்பித்தல் என்னும் பேச்சில் இவர்கள் பெயரைச் சேர்க்காதவன் திரும்பப் பெற நினைப்பது எந்தப் பட்டினத்தையோ, நான் அறியேன்.

நம்பிக்கைக்கு இடமும் இல்லாமற் போகவில்லை. ஆரியகுளம் நெடுநாள் பாசி படர்ந்து கிடந்தது; 2021இல் அதனைத் துப்புரவாக்கி, கரையைச் சுற்றி நடக்க வழி செய்தனர். அன்று தொட்டு மாலையில் அங்கே குழந்தைகளும் கிழவர்களும் வருகின்றனர். நடக்க விரும்பாத மக்கள் என்று எங்களைக் கூறியவர் அதனைச் சென்று பார்க்கட்டும். நடக்க இடம் கிடைத்தவுடன் நடக்கின்றார்கள்.

ஆதலின் நான் கேட்பது சிறிது. மணிக்கூட்டுக் கோபுரத்தினின்று நூலக வாயில் வரைக்கும் உள்ள அத்துணைச் சிறு தூரத்தை மாத்திரம் முதலில் எடுத்துக்கொள்க. இருமருங்கும் வேம்பும் நிழல்வாகையும் நட்டு, அவை வளரும் வரைக்கும் பந்தல் இடுக. பள்ளம் மேடின்றி, தள்ளுநாற்காலியில் வருவோனும் தடையின்றிச் செல்லத்தக்க பாதை ஒன்று அமைக்க. நிறுத்திய வண்டிகளை அகற்றுக. மரத்தடியில் கடலை விற்பவளை அகற்றற்க. போர்க்களத்துக்கென விட்ட வெளியின் ஓரத்திலே, மரத்தைக் காலாகக் கொண்ட ஒரு நாளங்காடி கூடுவதற்கு இவ்வளவே போதும்.

அம்மாணவி போன கிழமை என்னிடம் வந்தாள். பரீட்சைக்காக நூலகத்துக்கு நாள்தோறும் போவதாகச் சொன்னாள். "நடந்தோ?" என்றேன். "இல்லை, ஐயா. அண்ணா ஏற்றிக்கொண்டுபோய் விடுகிறார். அவர் வரும்வரைக்கும் படலையிலே நிற்பேன்" என்றாள்.